பகையாளியிடம் விசாரித்த கல்யாணம்

மார்கழியில் எங்கள் ஊர் மதியம் இரண்டு மணிக்குக்கூட முழுசாக விழித்திருக்காது. சம்பா கதிர் விட்டுப் பால் பிடித்து நிற்கும். அந்த நேரத்து வயலுக்கு ஒரு வாசனை உண்டு. அரிசி களைந்த தண்ணீரை இளவெயிலில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. வாய்க்கால் கரையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றால்தான் எனக்கு வீடியோ கால் அறுந்துபோகாமல் வரும். போன மார்கழி முழுவதும் அங்கேதான் நின்றேன் என்றுகூடச் சொல்லலாம். கண்ணுக்கு எதிரே பச்சை என்றும் சொல்ல முடியாத, மஞ்சள் என்றும் சொல்ல முடியாத நெல் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளங்கைக்குள் ஆஸ்லோ நகரத்தில் பனி விழுந்துகொண்டிருக்கும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் பனி நம் வயலில் விழுகிறதா, கொக்கு அவர்கள் ஊரில் இறங்குகிறதா என்று கண்ணுக்கே குழம்பிவிடும்.

அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளிருந்து பேசுகிறவள் என் தங்கையின் ஒரே மகள், எனக்கு மருமகள் முறை. நார்வேயில் வேலை. மலையில் இருக்கிற பனி உருகினால் எந்த அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டிச் சொல்கிற வேலை.

"நாம மேட்டூர் நிலவரம் கேட்கிற மாதிரியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதேதான் மாமா. இங்க மழை கல்லா நிக்கும். வெயில் வந்தாதான் எழுந்து நடக்கும்."

இப்படி யாராவது போகிற போக்கில் ஒன்று சொன்னால் எனக்கு அன்றைக்குப் பொழுது போய்விடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதமும், மனிதர்கள் வாயும்தான்.

அவளுக்கு ஆஸ்லோவில் ஒருவரைப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிறந்து வளர்ந்தது அங்கேதான். ஆனால் அவருடைய தாத்தா பாகிஸ்தானில் பஞ்சாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போனவர். அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். விஷயத்தை என்னிடம் சொன்னது தங்கைதான், பேராவூரணியிலிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

"அண்ணே, அவ சொல்லிட்டா. நாம வேண்டாம்னா பண்ணிக்க மாட்டாளாம். வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டாளாம். இது மிரட்டலா, மரியாதையா, நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும்தான்."

"நீங்க விசாரிங்க. நீங்க குடுக்கலாம்னா குடுக்கறேன். வேண்டாம்னா நான் பேசி முடிச்சுக்கறேன். அப்புறம் என் காதுல அந்தப் பேச்சு விழக்கூடாது."

அவள் வீட்டுக்காரர் போனை வாங்கினார். அதிகம் பேசாத மனிதர், தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். "மச்சான், எனக்கு ஒண்ணும் புரியல. தேங்கா பறிக்க ஆள் வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பது, எடுப்பது எதுவானாலும் விசாரிக்கப் போகிறவன் நான். எப்படி அந்த வேலை என் தலையில் விழுந்தது என்று தெரியவில்லை. பேச்சு கொடுக்கத் தெரிந்தவன் என்பதால் இருக்கலாம். நான் விசாரிக்கிற முறை எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரிந்த முறைதான். அந்த வீட்டுக்கு வேண்டியவர்களிடம் கேட்கக் கூடாது. வேண்டியவன் தங்கம் என்பான். அந்த வீட்டோடு யாருக்கு வரப்புத் தகராறு, யார் வாய்க்கால் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று கண்டுபிடித்து அவரிடம் போய் உட்கார வேண்டும். அவர் திட்டுவார். திட்டட்டும். என்ன சொல்லித் திட்டுகிறார், எதைச் சொல்லித் திட்ட முடியாமல் விட்டுவிடுகிறார் என்பதைக் கேட்டுக்கொண்டு வந்தால் போதும்.

தங்கையைக் கொடுத்ததும் அப்படித்தான். நாங்கள் கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரியை ஒட்டி இருப்பவர்கள், தலைமடை. பேராவூரணி கடைமடை. ஆற்றில் திறந்த தண்ணீர் எங்கள் வயலில் நின்று இளைப்பாறிவிட்டு, ஊர் ஊராகக் கைமாறி, கடைசியில்தான் அங்கே போய்ச் சேரும். சில வருஷம் சேராது. "கடைமடையில போய்ப் பொண்ணு குடுக்கறதா?" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துத் தோப்புக்காரர் அவர்களோடு பேசாதவர். அவர் என்னிடம் சொன்னார்: "கஞ்சப் பயலுவ. ஒரு மட்டையக்கூட எவனுக்கும் விட மாட்டானுவ. புயல்ல எல்லார் மரமும் சாஞ்சப்ப மட்டும் என் தோப்புல வந்து நின்னானுவ, மானங்கெட்டவனுவ." நான் அங்கிருந்து நேராக பஸ் ஏறி வந்து, கொடுக்கலாம் என்று சொன்னேன்.

ஆனால் இது ஆஸ்லோ. பஸ் போகாது.

விஷயம் எங்கள் ஊர் டீக்கடைக்கு எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. நான் போவதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

"நார்வேன்னா வெள்ளைக்காரப் புள்ளையோன்னு நெனச்சேன்," என்றார் டீ போடுகிறவர். "அப்படின்னா ஊரே கைதட்டும். வாசல்ல வந்து போட்டோ எடுத்துக்கும். இதுன்னா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்."

"நம்ம ஊர்ல பாய் இல்லையா? அவர் கடையிலதானே நீ வேட்டி எடுக்கற?" என்றேன்.

"அது நம்ம பாய். இது பாகிஸ்தான்."

"பாகிஸ்தானைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"மேட்ச் தெரியும்," என்றார் அசராமல். "மேட்ச் அன்னைக்கு மாப்பிள்ளையை எந்தப் பக்கம் உட்கார வைப்பீங்க? அதை முதல்ல முடிவு பண்ணிக்கிட்டு வாங்க."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். டீ மட்டும் ஆறிப்போயிருந்தது. அன்று மதியம் மருமகளிடம் இதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். "அவருக்குக் கிரிக்கெட்டே தெரியாது மாமா. காலில் கட்டை கட்டிக்கிட்டுப் பனியில சறுக்குறதுதான் தெரியும். எந்தப் பக்கமும் உட்கார மாட்டார், தூங்கிடுவார்."

தங்கைக்கு வேறு கவலைகள் இருந்தன. பெயரை மாற்றச் சொல்வார்களா, பொட்டு வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வரச் சொன்னாள். "நானும் அவரை மாத்தல, அவங்களும் என்னை மாத்தல. நகராட்சி ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போடுவோம்," என்றாள் பெண். "கையெழுத்தா? நெலம் பதியற மாதிரியா?" என்று தங்கை என்னிடம் அழுதாள். அவளை அடக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

டீக்கடைக்காரர் சொன்னது என்னை விடவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கொட்டகை நிழலில் சாய்ந்தால் பாதித் தூக்கத்தில் அதுவே ஓடும். நார்வேக்காரன் என்றால் கைதட்டல், பாகிஸ்தான்காரன் என்றால் பொத்திய வாய். இரண்டு பேரும் அதே ஊரில், அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே? அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? மருமகளிடமே கேட்டேன்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பனியில் நடந்தாள். காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது.

"மாமா, நான் அமெரிக்காவுல படிச்சப்ப ஒரு வீட்டு மாடியில இருந்தேனே, ஞாபகம் இருக்கா? மினசோட்டாவுல. அந்த வீட்டுக்கார அம்மா நார்வே வம்சம்."

"கோதுமை வயல் காட்டினியே, அவங்களா?"

"அவங்கதான். அவங்க வீட்டுக் கூடத்துல பூ வரைஞ்ச ஒரு மரப்பெட்டி இருக்கும். அவங்க கொள்ளுத் தாத்தா அதைத் தூக்கிக்கிட்டுத்தான் கப்பல் ஏறினாராம். அப்ப நார்வே இப்படி இல்ல மாமா. பாறையும் மீனும்தான். மூத்தவனுக்கு நெலம், இளையவனுக்குப் பசி. இளையவங்க எல்லாம் பெட்டியத் தூக்கிட்டாங்க."

"போய்?"

"போன எடத்துல நெலம் குடுத்தாங்க. இருந்து உழுதா உனக்கேன்னு பட்டா. அங்க முன்னாடி இருந்த ஜனங்களை அனுப்பிட்டுத்தான் குடுத்தாங்க, அதை அந்த அம்மாவே மெதுவாத்தான் சொல்வாங்க. அப்புறம் அவங்க தாத்தா பள்ளிக்கூடம் கட்டினார். அப்பா பல் டாக்டர். இவங்க காலேஜ்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க. கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்குல மெலிசா ஒரு ரொட்டி சுடுவாங்க. நார்வே பாஷைல சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ற ஜெபம் மட்டும் தெரியும். அர்த்தம் தெரியாது."

"வாத்தியார் வீடு?"

"அவர் தாத்தாவும் இளையவர்தான் மாமா. பெட்டி மட்டும் தகரம். வந்த எடத்துல நெலம் இல்ல, ஷிஃப்ட் குடுத்தாங்க. ஊருக்குக் கிழக்கால கூட்டமா ஒரு குடியிருப்பு. பாட்டி முப்பது வருஷம் ஜன்னல் வழியாத்தான் நார்வேயப் பார்த்தாங்களாம். அப்பா டாக்ஸி. இவரோட அக்கா பார்மசி படிச்சாங்க. இவர் வாத்தியார். முதல்ல வேலைக்கு எழுதிப் போட்டப்போ எங்கயும் கூப்பிடல. கூடப் படிச்ச நார்வேப் பையனுக்கு இவரைவிட மார்க் கம்மி, அவனைக் கூப்பிட்டாங்க. காகிதத்துல பேர் மட்டும்தான் வேற."

அங்கே ஒரு மரத்திலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. இங்கே ஒரு மீன்கொத்தி வாய்க்காலுக்குள் பாய்ந்து வெறும் வாயோடு மேலே வந்தது.

எனக்குத் தங்கையின் கல்யாணம் ஞாபகம் வந்தது. ஒரே ஆறுதான், ஒரே விதை நெல்தான். தலைமடைக்காரன் களத்து நெல்லையும் கடைமடைக்காரன் களத்து நெல்லையும் பக்கத்தில் கொட்டி வைத்து, இரண்டு பேரில் யார் கெட்டிக்காரன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். தண்ணீர் எப்போது வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். மற்றது எல்லாம் அதற்கு அப்புறம். அன்று சாயந்திரம் தங்கையிடம் இதைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவள் உருகவில்லை.

"அது சரிண்ணே. கடைமடைன்னு தெரிஞ்சே என்னைக் குடுத்தீங்க. ஆனா மனுஷனைப் பார்த்துக் குடுத்தீங்க. இப்பவும் மனுஷனைப் பாருங்க. நெலவரம் சொல்லாதீங்க."

அவள் சொன்னது நியாயம். மறுநாள் மருமகளைக் கேட்டேன். "அந்த வீட்டுக்கு அங்க யார் பகை?"

அவள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணல்லவா, முறை தெரியும். கொஞ்சம் யோசித்து, "கீழ்வீட்டுத் தாத்தா," என்றாள்.

குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் அவர். நார்வேக்காரர். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் வீடு மூன்றாவது மாடி, இவர் தரைத் தளம். இருபது வருஷமாகப் புகார் எழுதுகிறாராம். அவள் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். போனை அவர் மேஜையில் நிறுத்தி வைத்து, நான் கேட்பதை அவருக்கும் அவர் சொல்வதை எனக்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள். வெள்ளைத் தாடி, நீலக் கண். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "பின்னால இருக்கிறது புல்லா?"

"நெல்லுங்க. அரிசி."

"இவ்வளவா?" என்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூணாவது மாடியா? உங்களுக்கு நேரம் இருக்கா? நிறைய இருக்கு."

இருக்கிறது என்றேன். எங்கள் ஊர்ப் பகையாளிகளுக்குக் கொஞ்சமும் குறைந்தவரில்லை அவர். அடுக்கிக்கொண்டே போனார்: பண்டிகை என்றால் மாடிப்படி முழுக்கச் செருப்பு. ஒரு வருஷம் எண்ணினேன், முப்பத்தெட்டு ஜோடி. காலையிலேயே வெங்காயம் வதக்குகிறார்கள், என் கம்பளிச் சட்டை வரைக்கும் வாசனை. வாசல் பனியைத் தள்ளுகிறார்கள், ஆனால் என் ஜன்னலுக்கு நேராகக் குவிக்கிறார்கள். அந்த டாக்ஸிக்காரர் ஒரு கூட்டத்தை விடுவதில்லை. சுவருக்கு இந்த வண்ணம் வேண்டாம், முற்றத்தில் பெஞ்சு போடு, பின்பக்கம் விளக்குப் போடு. நார்வேக்காரர்கள் பாதிப்பேர் கூட்டத்துக்கே வருவதில்லை, இவர் வந்து கேள்வி கேட்கிறார், ஏதோ கட்டடமே அவருடையது மாதிரி.

"பையன்?" என்றேன்.

"அவனா!" மேஜையைத் தட்டினார். "பதினஞ்சு வயசு இருக்கும். அவங்க வீட்டு மேல நான் எழுதின புகாரை நோட்டீஸ் போர்டில ஒட்டியிருந்தேன். கழட்டி எடுத்துட்டுப் போய்ட்டான். கிழிச்சுட்டான்னு நெனச்சேன். மறுநாள் கொண்டுவந்து குடுக்கறான். நான் வருஷம் தப்பாப் போட்டிருந்தேன், சட்டத்துல எந்த விதின்னு தப்பா எழுதியிருந்தேன். எல்லாத்தையும் சிவப்பு மையில திருத்தி, 'இப்ப அனுப்புங்க, செல்லும்'னான். அவங்க அப்பா மேல புகார்!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காதீங்க. எங்க தாத்தாவோட தம்பிங்க மூணு பேர் அமெரிக்கா போனாங்க. ஒரே தலைமுறையில அமெரிக்காக்காரங்களா ஆயிட்டாங்க. இவங்க அம்பது வருஷமா இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க."

இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. அந்த வார்த்தையை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். மருமகள் அதை எனக்குச் சொல்லி முடித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி அவர் பாஷையில் நிதானமாக ஏதோ சொன்னாள். அவர் தாடியைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார், ஒரே ஒரு சொல் சொன்னார்.

"என்னம்மா சொன்ன?"

"மினசோட்டா அம்மா வீட்டுல மூணாந் தலைமுறை வரைக்கும் கோயில்ல நார்வே பாஷைதான், பேப்பர் நார்வே பாஷைதான், கல்யாணம் நார்வே ஆளுங்களோடதான், மத்தவங்க அவங்க சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கிட்டாங்கன்னு சொன்னேன்."

"அவர்?"

"தெரியாதுங்கறார்."

எனக்கு விசாரிப்பு முடிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவர் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் யாரும் பொய் சொன்னதாக அவர் சொல்லவில்லை. தங்கைக்கு அன்றே போன் போட்டிருப்பேன். கையில் போனை எடுத்தும்விட்டேன். அதற்குள் மருமகளே மறுபடி கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லணும். அவங்க வீட்டுலயும் விசாரிக்கறாங்க. அவரோட அத்தை. அவங்க வீட்டு விசாரிப்பெல்லாம் அந்த அத்தைதான். நீங்க கேட்ட அதே கேள்வியக் கேட்டாங்க. உங்க வீட்டுக்கு யார் பகைன்னு."

"நீ என்ன சொன்ன?"

"பெரிய மாமா நம்பர் குடுத்துட்டேன்."

எனக்கு அந்த இடத்திலேயே கால் சேற்றில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

பெரிய மாமா என்று அவள் சொல்வது என் பெரியப்பா மகனை. அவர் வயலும் என் வயலும் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொள்பவை. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. தண்ணீர் தாமதமாக வந்த வருஷம் அது. முறை வைத்துத்தான் பாய்ச்சினோம். அவர் முறை நாளில், அவர் வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, யாரோ வரப்பை வெட்டி என் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பிறகு மண்ணை வைத்து மூடியும்விட்டார்கள். அவர் வந்து கேட்டபோது, நண்டு வளை போட்டிருக்கும் என்றேன். எங்கள் பக்கம் வரப்பு ஒழுகினால் எல்லோரும் சொல்கிற காரணம் அது. அவர் டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் என்னைக் கேட்டார்: "எந்த ஊரு நண்டுடா மம்பட்டி வச்சிருக்கு?" நான் அப்போதும் நண்டுதான் என்றேன். பிறகு கோயில் கூட்டத்தில் கேட்டார்கள். அங்கேயும் நண்டு.

விசாரிக்கப்படுகிறவன் பகையாளியிடம் போய் எதுவும் பேசக் கூடாது. முறை அது. நானே பல பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அதனால் காத்திருந்தேன். மூன்று நாள் காலையில் மூடுபனி விலகவே இல்லை. அந்தப் பக்க வயலில் அண்ணன் நடப்பது தெரியும், இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பயிருக்கு மேல் மிதந்து போகிறவர் மாதிரி இருப்பார். காதில் போன் வைத்திருந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவேன். அது எரு வியாபாரியோ, ஆஸ்லோவோ. கனவில் ஒரு நண்டு வந்தது, கோட்டு போட்டுக்கொண்டு. சிரிக்க முடியவில்லை.

நான்காம் நாள் மதியம் கூப்பிட்டார்கள். ஒரே அழைப்பில் மூன்று சதுரம். ஒன்றில் நான், கொட்டகைக்குப் பக்கத்தில். ஒன்றில் தங்கை, பின்னால் தென்னை. மூன்றாவதில் மருமகள், நடுவில் சால்வை போர்த்திய நரைத்த அம்மா, அவருக்கு இந்தப் பக்கம் இன்னொரு பெண்மணி. அந்த அம்மாதான் அத்தை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பக்கத்தில் இருந்தவர் அவரோடு வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணனிடம் பேசியதும் அவராகத்தான் இருக்கும் என்று அவர் தமிழைக் கேட்டதும் புரிந்தது.

வணக்கம் சொல்லி முடிந்ததும் யாழ்ப்பாணத்து அம்மா தொண்டையைச் செருமினார். "ஐயா, அக்கா கேக்கிறா. உங்கட தமையன் நிறையச் சொன்னவர். கதை கூட, வேலை குறைவு எண்டவர். அதெல்லாம் பரவாயில்லையாம். ஒண்டு மட்டும் நேர கேக்கோணுமாம்."

"கேளுங்கம்மா."

"அண்டைக்கு வரப்பை வெட்டினது நண்டோ, நீங்களோ?"

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை என்னைப் பார்க்கிறாளா, போனைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அத்தை மட்டும் என் முகத்தையே பார்த்தார், கனமான கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. நண்டு என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். நான் என்று சொன்னால், பொய்க்காரனுடைய விசாரிப்பை நம்பி யார் பெண் கொடுப்பது, எடுப்பது? காற்று வந்தது. கதிர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது.

"நான்தாங்க," என்றேன்.

யாழ்ப்பாணத்து அம்மா அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. அவர் ஏதோ கேட்டார்.

"எத்தினை மணித்தியாலத் தண்ணி எண்டு கேக்கிறா."

அந்தக் கேள்வியை இதற்கு முன் ஆறு வருஷத்தில் எங்கள் ஊரில்கூட யாரும் கேட்டதில்லை. "விடிஞ்சதுலேர்ந்து ஒரு மூணு மணி நேரம்," என்றேன்.

அத்தை உச்சுக்கொட்டினார். எங்கள் ஊர்ப் பெண்கள் செய்வது மாதிரியே. பிறகு மெதுவாக, நீளமாகப் பேசினார். மற்றவர் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

"அவையின்ர ஊரிலயும் வாய்க்கால்தானாம். கடிகாரம் வைச்சு முறைத் தண்ணியாம். இவட அப்பாவும் அவற்ற தமையனும் அதிலதான் பிணங்கினவையாம். கால் மணித்தியாலத்துக்கு. அந்த ரோசத்திலதான் அப்பா இஞ்ச வெளிக்கிட்டவராம். தமையன் செத்ததுக்கும் போகேல்லையாம். வெட்டினது ஆர் எண்டு கடைசி மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லையாம்." அத்தை இன்னொன்றும் சேர்த்தார். "நீங்கள் நண்டு எண்டு சொல்லியிருந்தா எழும்பிப் போயிருப்பன் எண்டு சொல்லுறா."

தங்கையின் சதுரத்திலிருந்து குரல் வந்தது. "அண்ணே, என்கிட்டயும் ஆறு வருஷமா நண்டுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"சரி. இப்ப சொல்லுங்க. நீங்க விசாரிச்சது என்ன?"

"குடுக்கலாம்," என்றேன். "நல்ல ஜனங்க. திருத்துவாங்க."

அந்தப் பக்கம் தேங்காய் ஒன்று பொத்தென்று விழுந்த சத்தம். அவள் வீட்டுக்காரர் எங்கிருந்தோ, "மச்சான் குடுக்கலாம்னா குடுப்போம்," என்றார். தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் இங்கே தனியாகக் கொக்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு," என்றாள் தங்கை. "கையெழுத்து அங்க போட்டாலும் சித்திரையில நம்ம வீட்டுல பந்தல் போடணும். மாமன் சீர் வைக்க நீங்க தனியா வரக்கூடாது. பெரிய அண்ணனும் வரணும். அவரை நீங்களே போய்க் கூப்பிடுங்க. இன்னிக்கே."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தேன். அண்ணன் எலி பிடிக்க மூங்கில் கிட்டி வைத்துக்கொண்டிருந்தார். நான் வருவது தெரிந்தும் நிமிரவில்லை.

"அண்ணே."

"ஒரு அம்மா பேசினாங்க, சிலோன் தமிழ்ல," என்றார் கிட்டியைப் பார்த்துக்கொண்டே. "கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன்."

"நானும் உள்ளதைச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நண்டு இல்லேன்னு."

கிட்டியைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் வரப்பு, முழங்கால் அளவு புல்.

"எந்த எடத்துல வெட்டின?"

நாலைந்து அடி நடந்து, காலால் புல்லை விலக்கிக் காட்டினேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மண்தான்.

"இங்கயா?" என்றார். "அடப் பாவி, நான் அந்த மூலையிலன்னுல்ல நெனச்சேன். ஆறு வருஷமா அங்கயே மண்ணை வச்சு வச்சு அடைச்சுக்கிட்டிருக்கேன்." அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வரப்பு மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு தடிமனாக, திட்டு மாதிரி நின்றது. "கல்யாணம் எந்த மாசம்?"

"சித்திரையில."

"தண்ணி இல்லாத மாசம்தானே? வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிட்டி வைக்கக் குனிந்துவிட்டார்.